ஹாம்ஸ்ட்ரிங் கிழிந்த விங்கருக்கு யாரும் சொல்லாத விஷயங்கள்

கால்பந்தில் விங்கில், அதாவது பக்கவாட்டுக் கோட்டோரம் முன்னே போய்த் தாக்கி, ஆடுகிறவனின் பிழைப்பை இரண்டு தேதிகள் தீர்மானிக்கின்றன. ஒன்று ஹாம்ஸ்ட்ரிங் என்கிற பின்தொடைத் தசை கிழிந்த தேதி, இன்னொன்று ஒப்பந்தம் முடியும் தேதி. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை வருடம் இருந்தால் அது வெறும் காயம். இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால் வேலையே போகலாம். நானும் இதைத் தனியாகக் கடந்தவன்தான். பிசியோவிடம் என்ன கேட்பது, ஸ்கேன் ரிப்போர்ட்டில் எந்த வரியைப் படிப்பது, சம்பளம் நின்றால் முதல் கடிதத்தை எப்படி எழுதுவது, எதையும் யாரும் சொல்லித் தரவில்லை. எல்லாமே பணத்தையும் மாதங்களையும் கொடுத்துக் கற்றவை. என் கதை, கிளப் பெயர் எல்லாம் இங்கே வேண்டாம். விங்கில் ஆடும் தம்பிகளுக்குப் பயன்படுவதை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், இது ஏன் விங்கரைத் தேடி வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். கோலுக்கு முன்னே நடுவில் நின்று தடுக்கும் சென்டர் பேக்கும் ஓடுகிறான், ஆனால் முழு வேகத்தைத் தொடும் தருணங்கள் அவனுக்குக் குறைவு. விங்கருக்கு அதுதான் வேலையே. கோட்டோரம் நின்றுகொண்டே இருப்பான். பந்து பின்னால் விழுந்ததும் 40 மீட்டர் முழு வேகம், ஓரத்திலிருந்து கோல் பக்கம் பந்தை அனுப்பி கிராஸ் போட்டதும் பந்து பறிபோனால் திரும்பி 60 மீட்டர். வேகத்தை அளக்க உடம்பில் மாட்டும் ஜி.பி.எஸ். வெஸ்ட்டின் கணக்கில் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் பொதுவாக அதை ஸ்பிரின்ட் என்று எண்ணுவார்கள். இந்த வேகத்தில் காலை முன்னே வீசி, பாதம் தரையைத் தொடப்போகும் நொடியில், ஹாம்ஸ்ட்ரிங் நீண்டுகொண்டே போய் அந்தக் காலைப் பிடித்து நிறுத்தும் பிரேக்காக வேலை செய்கிறது. நீளும்போதே இழுக்கவும் வேண்டும். கிழிவது பெரும்பாலும் அங்கேதான், பின்தொடையின் வெளிப்பக்கமாக ஓடும் பைசெப்ஸ் ஃபிமோரிஸ் தசையின் நீளத் தலையில். ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளை 2001 முதல் தொடர்ந்து கவனித்துவரும், ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏவின் ஆய்வின்படி, மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங்கின் பங்கு முதல் சீசனில் 12 சதவீதம், 2021-22இல் 24 சதவீதம். மருத்துவ வசதி பல மடங்கு கூடியும் எண்ணிக்கை இறங்கவில்லை. ஆட்டத்தின் வேகமும் ஆட்டங்களின் எண்ணிக்கையும் அதைவிட அதிகமாகக் கூடிவிட்டன என்பதுதான் என் கணிப்பு.

இன்னொரு வகைக் கிழிசலும் உண்டு. எட்டாத பந்துக்குக் காலை உயர நீட்டும்போதோ, ஸ்லைடு போட்டு இரண்டு கால்களும் விரிந்துபோகும்போதோ வருவது. இது உள்பக்கத் தசையின் மேல்முனையில், உட்காரும் எலும்புக்குப் பக்கத்தில் நடக்கும். இதில் ஏமாந்துபோவது சுலபம். ஓடும்போது கிழிவதைவிட அன்றைக்கு வலி குறைவாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் நடந்துவிடுவீர்கள், ஆனால் குணமாவதற்கு அதைவிட நீண்ட காலம் பிடிக்கும். ‘நடக்கிறானே, அப்புறம் என்ன?’ என்று கோச் கேட்பதும், ‘அதானே’ என்று நீங்களே நினைப்பதும் இந்த வகையில்தான்.

கிழிந்த அந்த நிமிடத்துக்கு வருவோம். பிடிப்புக்கும் கிழிசலுக்கும் வித்தியாசம் மைதானத்திலேயே தெரியும். பிடிப்பு என்றால் தசை கட்டியாக இறுகும், பெரும்பாலும் கெண்டைக்காலில், ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் வரும், நீட்டிவிட்டால் இளகும். கிழிசல் ஓட்டத்தின் நடுவே பின்னாலிருந்து யாரோ குத்தியது போல வரும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். அதை நீட்டினால் இளகாது, வலிதான் ஏறும். எனவே, உட்கார்ந்துவிடுங்கள். ‘இன்னும் ஒரு ஓட்டம் போய்ப் பார்க்கிறேன்’ என்று எழுந்து ஓடுகிற அந்த ஒரு ஓட்டத்தில்தான் சின்னக் கிழிசல் பெரிதாகும். வலி ஊசி போட்டு மீதி ஆட்டத்தை முடி என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். ஊசி வலியை மறைக்குமே தவிர, கிழிந்த நாரைப் பிடித்து வைக்காது.

முதல் 2 நாட்கள் செய்யக் கூடாதவைதான் அதிகம். நம் ஊர்ப் பழக்கப்படி எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது, சூடான ஒத்தடம், வைத்தியரிடம் போய் நீவி விடுவது எல்லாம் உள்ளே கசியும் ரத்தத்தை இன்னும் கூட்டும். மதுவும் வேண்டாம். பிசியோ பார்க்கும்வரை பின்தொடையை நீட்டிப் பார்க்கவும் வேண்டாம். எலாஸ்டிக் பேண்டேஜால் தொடையை அளவாக அழுத்திக் கட்டுங்கள். ஐஸ் வைப்பதானால் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம், அதற்கு மேல் தேவையில்லை. வலி மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் எடுங்கள். மூன்றாம் நாள் முழங்காலுக்குப் பின்னால் நீலம் பாய்ந்து நின்றால் காயம் பரவுகிறது என்று பயப்படாதீர்கள், மேலே கசிந்த ரத்தம் கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பயப்பட வேண்டியது வேறொன்று: கிழியும்போது ‘டப்’ என்று சத்தம் கேட்டு, பிட்டத்துக்கு அடியில் வலி இருந்து, நாற்காலியில் உட்காரவே முடியவில்லை என்றால் தசையை எலும்போடு கட்டும் தசைநாண் எலும்பிலிருந்தே பிய்ந்திருக்கலாம். அதற்கு அந்த வாரமே எலும்பு அறுவை மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். வாரங்கள் தள்ளிப்போனால் பிய்ந்த முனை சுருங்கி ஒட்டிக்கொள்ளும், அறுவை சிகிச்சை கடினமாகும். கூடவே ஒரு சின்னக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: வலியில்லாமல் இயல்பாக நடக்க எத்தனை நாள் ஆனது என்று. ஒரு நாளுக்குள் நடந்துவிட்டால் நல்ல அறிகுறி. அதற்கு மேல் போனால் மூன்று வாரத்துக்குள் திரும்பும் வாய்ப்பு குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்கேன் விஷயத்தில் பணம் வீணாவது அதிகம். அடிபட்ட அன்று மாலையே ஓடிப்போய் எடுப்பதைவிட 2 அல்லது 3 நாள் கழித்து எடுத்தால் படம் தெளிவாக இருக்கும். எம்.ஆர்.ஐ.க்கு வெளியே கொடுத்தால் சுமாராக 5,000 முதல் 10,000 ரூபாய் வரை ஆகும். அல்ட்ராசவுண்டு மலிவுதான், ஆனால் ஆழத்தில் இருக்கும் கிழிசலில் எடுப்பவரின் கை அனுபவத்தைப் பொறுத்தே பதில் வரும். ரிப்போர்ட்டின் கடைசியில் ‘கிரேடு 2’ என்று இருக்கும் வரியை மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். நான்கு கேள்விகளுக்கு அதில் பதில் இருக்க வேண்டும்: எந்தத் தசை, மேலா நடுவிலா கீழா, எத்தனை சென்டிமீட்டர் நீளம், தசைக்குள்ளே ஓடும் நாண் கிழிந்திருக்கிறதா. கடைசிக் கேள்விதான் முக்கியம். பிரிட்டிஷ் தடகள மருத்துவக் குழு உருவாக்கிய வகைப்பாட்டில் காயத்தின் அளவைக் காட்டும் 0 முதல் 4 வரை எண்ணும், அதன் பக்கத்தில் ஏ, பி, சி என்று எழுத்தும் இருக்கும். ‘சி’ என்றால் கிழிசல் அந்த உள்நாணைத் தொட்டிருக்கிறது. 2ஏ என்று வந்தவனும் 2சி என்று வந்தவனும் மைதானத்தில் ஒரே மாதிரி நொண்டுவார்கள், ஒரே வாரத்தில் வலி குறையும், ஆனால் ‘சி’காரனை அதே வேகத்தில் ஓடவிட்டால் மறுபடி கிழியும் அபாயம் மிக அதிகம். ரிப்போர்ட்டில் நாண் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றால் ரேடியாலஜிஸ்ட்டிடம் திரும்பக் கேளுங்கள். படம், சி.டி., ரிப்போர்ட் மூன்றும் உங்கள் கையில் ஒரு பிரதி இருக்க வேண்டும். கிளப்பின் அலமாரியில் இருப்பது நாளைக்கு உங்களுக்கு உதவாது. ஏன் என்று ஒப்பந்தம் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

இனி வரும் வாரங்கள்தான் மனதைத் தின்னும். அணி மைதானத்தில் இருக்கும்போது நீங்கள் ஜிம்மின் மூலையில் ரப்பர் பட்டையோடு இருப்பீர்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் ‘எப்ப வர்ற?’ என்பார்கள். வீட்டிலிருந்தும் அதே கேள்வி. உங்கள் இடத்தில் ஆடுகிறவன் கோல் போட்டால் கைதட்டுவீர்கள், உள்ளே வயிறு எரியும். இது எல்லாருக்கும் வருவது, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த எரிச்சலில் ஒரு தேதியைச் சொல்லிவிடாதீர்கள். ‘அடுத்த சனிக்கிழமை ஆடுகிறேன்’ என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து எல்லாரும் அந்தத் தேதியைத்தான் பார்ப்பார்கள், உங்கள் காலைப் பார்க்க மாட்டார்கள். நாட்கணக்கு கேட்டால் ‘தொண்ணூறு சதவீத வேகத்தில் ஓட ஆரம்பித்ததும் சொல்கிறேன்’ என்று பதில் சொல்லிப் பழகுங்கள்.

பயிற்சியில் என்ன செய்வது என்பதற்கு ஸ்வீடனில் ஆஸ்க்லிங் என்ற ஆய்வாளரின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வைத் தாண்டி அதிகம் தேட வேண்டியதில்லை. அந்நாட்டின் முன்னணி ஆட்டக்காரர்கள் 75 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வழக்கமான பயிற்சி, மற்றொன்றுக்குத் தசையை நீட்டியபடியே வேலை வாங்கும் பயிற்சி கொடுத்தார்கள். நீட்டிச் செய்தவர்கள் சராசரியாக 28 நாளில் திரும்பினார்கள், மற்றவர்கள் 51 நாளில். மூன்றே அசைவுகள்தான். முதலாவது எக்ஸ்டெண்டர்: மல்லாந்து படுத்து, காயம்பட்ட தொடையை இரு கைகளாலும் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, வலி தொடங்குவதற்குச் சற்று முன்புவரை முழங்காலை மெதுவாக நிமிர்த்துவது. 12 முறை வீதம் 3 சுற்று, தினமும் இருவேளை. இரண்டாவது டைவர்: காயம்பட்ட காலில் நின்று, முழங்காலைச் சற்று மடக்கி, கைகளை முன்னே நீட்டிக் குனிந்து, மறுகாலைப் பின்னே உயர்த்துவது. 6 முறை வீதம் 3 சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். மூன்றாவது கிளைடர்: கையால் எதையாவது பிடித்துக்கொண்டு, எடையைக் காயம்பட்ட காலின் குதிகாலில் வைத்து, சாக்ஸ் போட்ட மறுகாலை வழவழப்பான தரையில் பின்னே வழுக்கவிடுவது. திரும்பி வரும்போது கைகளால் இழுத்துத்தான் எழ வேண்டும், காயம்பட்ட காலால் எம்பக் கூடாது. 4 முறை வீதம் 3 சுற்று, மூன்று நாளைக்கு ஒருமுறை. அந்த ஆய்வில் அடிபட்ட ஐந்தாம் நாளே தொடங்கினார்கள். விதி ஒன்றே: வலி வந்தால் நிறுத்த வேண்டும். ‘வலியைத் தாங்கினால்தான் வளர்ச்சி’ என்கிற ஜிம் வசனம் இங்கே செல்லாது. உங்கள் கிழிசலுக்கு இது எப்போது பொருந்தும் என்பதைப் பிசியோ முடிவு செய்யட்டும். ‘சி’ வகை என்றால் இன்னும் தள்ளித்தான் தொடங்குவார்.

ஓட்டத்தில் ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. மெதுவோட்டத்திலிருந்து முழு வேகத்தில் 70, 80 சதவீதம்வரை சுலபமாக ஏறிவிடும். வலியே இருக்காது, சந்தோஷமாக இருக்கும். 80க்கும் 100க்கும் நடுவில்தான் தசைக்கு ஏறும் பாரம் சட்டென்று கூடுகிறது. பெரும்பாலானவர்கள் 80இல் வலியில்லாமல் இரண்டு நாள் ஓடிவிட்டு நேரே ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் இறங்கிவிடுகிறார்கள். சின்ன மைதானத்தில் முழு வேகம் தேவைப்படாததால் அங்கேயும் தப்பித்துவிடுவார்கள். அடுத்து நேராக ஆட்டம், அங்கே தடுப்பாட்டக்காரர்களுக்குப் பின்னால் தள்ளிவிடும் முதல் த்ரூ பாலுக்கே ஹாம்ஸ்ட்ரிங் போய்விடும். 85, 90, 95 என்று தனித்தனி நாட்களில் ஏற்றுங்கள். 20 மீட்டர் மெதுவாக வேகமெடுத்து, அடுத்த 20 மீட்டர் அந்த வேகத்தைப் பிடித்து, பிறகு 30 மீட்டரில் படிப்படியாகக் குறைப்பது என்று வைத்துக்கொள்ளலாம். சடாரென்று நிற்கப் பழகுவது அதற்கு அப்புறம். முழு வேகம் தொட்ட பிறகும் பந்தோடு, தலையைத் திருப்பி, தோளுக்கு மேலே பந்தைப் பார்த்தபடி ஓடிப் பாருங்கள். விங்கர் நேராகப் பார்த்துக்கொண்டு ஓடுவது ஆட்டத்தில் எங்கே நடக்கிறது? கடைசிச் சோதனையும் ஆஸ்க்லிங் சொன்னதுதான்: மல்லாந்து படுத்து, முழங்கால் மடங்காதபடி கட்டிக்கொண்டு, காலை எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக மேலே வீசுவது. வலி இல்லாவிட்டாலும், வீசும்போது ஒரு தயக்கம் வந்தால் கூட இன்னும் தேறவில்லை என்று பொருள். தயக்கத்தையும் ஒரு அளவுகோலாக வைத்ததால்தான் இந்தச் சோதனை எனக்குப் பிடிக்கும்.

ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், யூஈஎஃப்ஏவின் அதே ஆய்வில் ஹாம்ஸ்ட்ரிங் காயங்களில் 18 சதவீதம் மறுபடி கிழிந்தவை. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் திரும்பி வந்த முதல் 2 மாதங்களுக்குள் நடந்தவை. ஆக, ஆட வந்துவிட்டீர்கள் என்பதால் காயம் முடிந்துவிடவில்லை, இரண்டு மாதம் நீங்கள் நன்னடத்தைக் காலத்தில் இருக்கிறீர்கள். நெதர்லாந்து விங்கர் ஆர்யன் ராபனுக்கு நடந்ததைப் பாருங்கள். 2010 உலகக் கோப்பைக்குக் கிளம்புவதற்கு முன் ஜூன் 5 அன்று ஹங்கேரியுடனான நட்பு ஆட்டத்தில் ஹாம்ஸ்ட்ரிங் போனது. முதல் இரண்டு ஆட்டங்களை விட்டு, மூன்றாவதில் மாற்று ஆளாக இறங்கி, ஜூலை 11இல் இறுதி ஆட்டம் வரை ஆடினார். ஊர் திரும்பியதும் அவருடைய ஜெர்மன் கிளப்பான பேயர்ன் மியூனிக்கின் மருத்துவர்கள் பரிசோதித்தபோது கிழிசல் ஆறாமலே இருந்தது. அடுத்த ஆட்டம் ஆட 2011 ஜனவரி ஆனது. பேயர்ன் இழப்பீடு கேட்டு டச்சுச் சங்கத்தோடு மல்லுக்கட்டியது. சமரசமாக 2012 மே மாதம் ஒரு நட்பு ஆட்டம் நடந்தது. அந்த ஆண்டிலிருந்துதான் உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா, தேசிய அணிக்கு ஆடி அடிபட்டு 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போகும் வீரரின் சம்பளத்துக்காகக் கிளப்புக்கு ஈடு கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. கவனியுங்கள், அந்தப் பணம் கிளப்புக்கு. தசை வீரனுடையது.

வராமல் தடுப்பதற்கு நார்டிக் பயிற்சியைவிட மலிவானது எதுவும் இல்லை. மண்டியிட்டு நின்று, ஒருவர் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்ள, இடுப்பை மடக்காமல் உடலை மெதுவாக முன்னே சாய்த்து, முடியாத கட்டத்தில் கைகளால் தாங்கிக்கொள்வது. சரியாகச் செய்தால் ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள் பாதியாகக் குறைகின்றன என்று ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. அளவு இப்படி: முதல் வாரம் ஒரே நாள், 5 வீதம் 2 சுற்று. இரண்டாம் வாரம் 2 நாள், 6 வீதம் 2 சுற்று. மூன்றாம் வாரம் 3 நாள், 6 முதல் 8 வீதம் 3 சுற்று. நான்காம் வாரம் 3 நாள், 8 முதல் 10 வீதம் 3 சுற்று. ஐந்திலிருந்து பத்தாம் வாரம் வரை 3 நாள், 12, 10, 8 என்று 3 சுற்று. பிறகு சீசன் முழுக்க வாரம் ஒரு நாள். பலர் இதைக் கைவிடுவதற்குக் காரணம் முதல் வாரத்து உடல்வலி. ஆர்வத்தில் முதல் நாளே முப்பது செய்துவிட்டு, நான்கு நாள் படியிறங்க முடியாமல் தவித்து, ‘இது எனக்கு ஒத்துவராது’ என்று விட்டுவிடுகிறார்கள். சீசன் தொடங்கும் முன்பே ஆரம்பியுங்கள், ஆட்டத்துக்கு முந்தைய 2 நாட்களில் செய்யாதீர்கள். இதோடு வாரத்துக்கு ஒருமுறையாவது 95 சதவீத வேகத்தைத் தொட வேண்டும். பெஞ்சில் உட்காரும் விங்கருக்கு இது இரண்டு மடங்கு அவசியம். மூன்று வாரம் முழு வேகமே தொடாமல் இருந்துவிட்டு, 80வது நிமிடத்தில் இறங்கி முதல் பந்துக்கே பறப்பவன்தான் எளிதில் கிழித்துக்கொள்கிறான். ஆட்டம் முடிந்ததும் வெறும் மைதானத்தில் ஐந்தாறு ஸ்பிரின்ட் ஓடிவிட்டுப் போங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். ஒப்பந்தம் வாங்கும் நாளில் எல்லாரும் மாதச் சம்பளத்தைத்தான் பார்க்கிறார்கள். விங்கர் முதலில் பார்க்க வேண்டியது, காயத்தில் இருக்கும்போது அடிப்படைச் சம்பளம் முழுதாக வருமா, எத்தனை மாதம் வரை வரும் என்கிற வரியை. அடுத்தது, மொத்தத் தொகையில் எவ்வளவு அடிப்படை, எவ்வளவு ஆட்ட போனஸ் என்பது. போனஸில் பெரும் பகுதியை வைத்திருந்தால் அடிபட்ட மாதமே வருமானம் பாதியாகும். மூன்றாவது, ஒப்பந்தக் காலத்தில் ஏற்பட்ட காயத்துக்கான அறுவை, மறுவாழ்வுப் பயிற்சிச் செலவு ஒப்பந்தம் முடிந்த பிறகும் கிளப்பைச் சேருமா என்பது. இந்த மூன்றாவது வரி பெரும்பாலும் இருக்காது. கேட்டால் சேர்ப்பார்கள், கேட்காவிட்டால் கிடையாது. ‘மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும்’ என்று எழுதியிருந்தால், ஃபிஃபா விதிப்படி அந்த நிபந்தனை செல்லாது. பரிசோதனையைக் கையெழுத்துக்கு முன்பே முடித்துக்கொள்வது அவர்கள் வேலை. 18 வயதுக்கு உட்பட்டவரின் ஒப்பந்தம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஏஜென்ட்டோடு போடும் ஒப்பந்தம் 2 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, தானாக நீளவும் கூடாது.

கால அளவையும் இங்கே யோசியுங்கள். குமரிக் கடற்கரையிலிருந்து வந்த இடது விங்கர் மைக்கேல் சூசைராஜுக்கு இந்தியாவின் உச்சக் கால்பந்து லீகான ஐ.எஸ்.எல்.லின் 2020-21 சீசனின் தொடக்க ஆட்டத்திலேயே முழங்கால் போனது. கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் பதினைந்து நிமிடம்கூட முழுதாக ஆடவில்லை. ஒரு சீசன் ஒப்பந்தம் மட்டும் கையில் இருக்கிற இளைஞனுக்கு இப்படி நடந்தால், குணமாகி வரும்போது எந்தக் கிளப்பும் அவனுக்குச் சொந்தமில்லை. அதனால் ஒரு வருடத்துக்கு அதிகச் சம்பளமா, இரண்டு வருடத்துக்குச் சற்றுக் குறைந்த சம்பளமா என்று கேட்டால், விங்கருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். கோல்கீப்பருக்கு வேறு மாதிரி சொல்லலாம்.

சம்பளம் நின்றால் என்ன செய்வது? வாட்ஸ்ஆப்பில் மேனேஜருக்கு ‘சார், சாலரி?’ என்று அனுப்பிக்கொண்டே நான்கு மாதம் ஓட்டுவதுதான் நம் வழக்கம். ஃபிஃபா விதியின் 14பிஸ் பிரிவு சொல்வது இது: குறைந்தது 2 மாதச் சம்பளம் உரிய தேதியில் வரவில்லை என்றால், எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தந்து, அப்படியும் வரவில்லை என்றால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். நோட்டீஸ் இல்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். கிளப்பின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், அதே கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாதம், எவ்வளவு, எந்தத் தேதியில் வந்திருக்க வேண்டும் என்று கணக்காக எழுதுங்கள், கோபத்தை எழுதாதீர்கள். இந்திய வீரருக்கும் இந்தியக் கிளப்புக்கும் இடையிலான வழக்கு அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் வீரர் நிலைக் குழுவுக்குப் போகும், அங்கும் முதலில் கேட்பது இந்தக் கடிதத்தைத்தான். ஃபிஃபா தீர்ப்பாயத்துக்குப் போகிற வழக்கு என்றால் 2 ஆண்டுக்கு மேல் பழையதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஸ்கேன் பிரதி உங்கள் கையில் வேண்டும் என்று சொன்னதும் இதற்காகவே. ‘காயம் எங்களிடம் வரும் முன்பே இருந்தது’ என்ற வாதம் வந்தால், தேதி போட்ட படம்தான் உங்கள் சாட்சி. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டு, சில கிளப்புகள் சம்பளத்தையும் நிறுத்தியபோது, உச்ச லீகில் ஆடுகிறவனுக்கும் இந்த நிலைமை வரும் என்பது எல்லாருக்கும் புரிந்தது. ஆறு மாத வீட்டுச் செலவு தனிக் கணக்கில் இருக்கட்டும். கார் அப்புறம் வாங்கலாம்.

வருமானம் நின்ற நேரத்தில் மலபார் பக்கத்து செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) ஆட்டங்களுக்குக் கூப்பிடுவார்கள். ராத்திரி ஆட்டம், கையில் பணம், கூட்டமும் ஆரவாரமும் தனி சுகம். ஆசையாக இருக்கும், தப்பில்லை. ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது அனுமதியில்லாமல் ஆடினால் கிளப்புக்கு உங்களை நீக்க நீங்களே காரணம் கொடுத்தாகிவிடும். ஆறிவரும் ஹாம்ஸ்ட்ரிங்கோடு அந்தக் கட்டாந்தரையில் சடார் சடாரென்று திரும்பினால், மறுபடி கிழிவதற்கு யார் செலவு செய்வார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் ஜி.பி.எஸ். சொல்லும் உச்ச வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டர் இறங்கிவிடும். காயத்துக்குப் பிறகோ முப்பதைத் தாண்டியோ. அந்த நாளுக்கு முன்பே இன்னொரு இடத்தைக் கற்றுக்கொண்டவன் பிழைத்தான். ரையன் கிக்ஸ் இளமை முழுக்க ஹாம்ஸ்ட்ரிங்கோடு போராடியவர். யோகாவைப் பிடித்துக்கொண்டு, கோட்டோரத்தை விட்டு நடுக்களத்துக்கு நகர்ந்து, 40 வயதுவரை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஆடினார். ஸ்பெயினின் ஹெசூஸ் நவாஸ் இன்னும் நேரடியான உதாரணம். சுத்தமான வலது விங்கர், 2010 உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். மான்செஸ்டர் சிட்டியில் ஆடிய கடைசி சீசனில் ரைட் பேக்காக, அதாவது வலது ஓரத் தடுப்பாட்டக்காரராக, இறக்கப்பட்டார். 2017இல் பழைய கிளப்பான செவியாவுக்குத் திரும்பிய பிறகு அதுவே அவர் இடமானது. இடுப்பு வலியோடு 38 வயதில் 2024 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் பிரான்ஸின் எம்பாப்பே தாக்கும் பக்கத்தைக் காத்தார், அந்த ஆண்டு டிசம்பரில்தான் ஓய்வு பெற்றார்.

விங்கரை ஃபுல்பேக்காக (ஓரத் தடுப்பாட்டக்காரனாக) மாற்றும்போது முன்னேறும் ஓட்டமும் கிராஸும் ஏற்கெனவே கையில் இருக்கும். ஓட்டை விழுவது எதிர்ப்பக்கத்திலிருந்து கிராஸ் வரும்போது. விங்கராகப் பழகியவன் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பான், முதுகுக்குப் பின்னால் தூரத்துக் கோல் கம்பத்தில் ஒருத்தன் தலையால் தட்டிவிட்டுப் போவான். பந்தும் ஆளும் ஒரே பார்வையில் படுமாறு உடலைப் பாதி திருப்பி நிற்க வேண்டும், ஆளைக் கையால் தொட்டு உணரும் தூரத்தில். இரண்டாவது ஓட்டை, பாய்ந்து பறிக்கும் பழக்கம். ஃபுல்பேக் பாய்ந்து தவறினால் பின்னால் கோல்கீப்பர்தான். பக்கவாட்டில் நின்று, எதிராளியைக் கோட்டுப் பக்கம் தள்ளி, தாமதப்படுத்தினாலே போதும். இந்த இரண்டையும் பயிற்சி ஆட்டங்களில் ஒரு சீசன் செய்து பழகிவிட்டு, ட்ரையல்ஸுக்குப் போகும்போது நான்கைந்து நிமிட வீடியோ ஒன்று கையில் வைத்திருங்கள். அதில் உங்கள் கோல்களைக் குறைத்துக்கொண்டு, தூரக் கம்பத்தில் நீங்கள் வெளியே தலையால் அடித்த பந்துகளையும், கடைசி இருபது நிமிடத்தில் பின்னே ஓடி வந்து தடுத்த காட்சிகளையும் முதலில் போடுங்கள். பழைய காயத்தைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல், திரும்பி வந்த பிறகு ஆடிய ஆட்டங்களின் பட்டியலையும் கடைசி ஜி.பி.எஸ். தாளையும் எடுத்துக் கொடுங்கள்.